ஊவாத் தோட்டங்களின் வாக்கு: பதுளை முதல் மீரியபெத்த வரை

(பொதுக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2015 ஜனவரி 8ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் பதுளை மாவட்டத்தில் மைத்திரிபால சிறிசேனவுக்கு விழுந்த வாக்குகள் 249,524. மஹிந்த ராஜபக்ஷவுக்கு 249,243. வித்தியாசம் 281. மாவட்டம் முழுவதற்கும் அவ்வளவுதான். ஒரு நடுத்தரத் தோட்டத்தின் இரண்டு டிவிசனில் இருக்கிற வாக்காளர்கள் வீட்டிலேயே இருந்திருந்தால் பதுளையின் முடிவு மாறியிருக்கும்.

அதற்குச் சுமார் பத்து வாரத்துக்கு முன்னால், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், கொஸ்லாந்தைக்கு மேலேயுள்ள மீரியபெத்த டிவிசனில் மலை இறங்கி லயங்களை மூடியது. அதற்கும் ஐந்தரை வாரத்துக்கு முன்னால், செப்டெம்பர் 20ஆம் திகதி, அதே லயங்களின் ஆட்கள் ஊவா மாகாண சபைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தார்கள். நான்கு மாதத்துக்குள் இரண்டு தேர்தல், நடுவிலே ஒரு மண்சரிவு. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் இதற்குப் பின்கதை நீளம். எண்பது, தொண்ணூறு வருஷம் பின்னால் போகாமல் மீரியபெத்தவின் வாக்கைப் புரிந்துகொள்ள முடியாது.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை தந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்த 'எல்லோரும்' என்பதற்குள் தோட்டத் தொழிலாளி முழுதாக நுழையவில்லை. இந்த நாட்டில் நிரந்தரமாக வாழ்கிறவர் என்று காட்ட அவருக்கு நிபந்தனைகள் இருந்தன. அப்படியிருந்தும் ஹட்டனிலிருந்து பெரி. சுந்தரம் அரசாங்க சபைக்குப் போய் முதல் தொழில் அமைச்சரானார். கிராமச் சங்கத் தேர்தல்களில் மட்டும் தோட்டத்து இந்தியத் தொழிலாளியைச் சேர்க்கவில்லை. கொழும்புக்கு ஆள் அனுப்பலாம், பக்கத்துக் கிராமத்தின் பாதையைப் பற்றிப் பேசக்கூடாது என்ற ஏற்பாடு அன்றைக்கே தொடங்கிவிட்டது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி வருவேன்.

1939இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. 1947 பொதுத் தேர்தலில் அதன் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. ராஜலிங்கம், மஸ்கெலியாவில் ஜி.ஆர். மோத்தா, அளுத்நுவரவில் டி. ராமானுஜம், நம் பதுளையில் எஸ்.எம். சுப்பையா.

பதுளையில் சுப்பையா எப்படி வென்றார் என்பதுதான் எனக்குச் சுவையான விஷயம். அன்றைய பதுளை இரட்டை அங்கத்தவர் தொகுதி. நாட்டில் மொத்தம் ஐந்து தொகுதிகளுக்குத்தான் ஒன்றுக்கு மேற்பட்ட அங்கத்தவர்கள். அவற்றில் பெரியது கொழும்பு மத்தி, மூன்று பேர். கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, மருதானைச் சந்துகளில் துறைமுகக் கூலிகளும் சில்லறைக் கடைக்காரர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைத் தொகுதி அது. அங்கே 1947இல் தெரிவான மூவரையும் பாருங்கள். ஏ.ஈ. குணசிங்க சிங்களவர், தொழிற்கட்சி. பீட்டர் கெனமன் பறங்கியர், கம்யூனிஸ்ட். டி.பி. ஜாயா மலாயர், ஐக்கிய தேசியக் கட்சி. ஒரு தொகுதி மூன்று இனத்தையும் மூன்று கட்சியையும் ஒன்றாக அனுப்பியது. எப்படி? வாக்காளருக்கு எத்தனை ஆசனமோ அத்தனை வாக்கு. விரும்பினால் எல்லாவற்றையும் ஒருவருக்கே போடலாம். சிறு தொகையினர் தங்கள் வாக்கைச் சிதறவிடாமல் ஒருவர் மேல் குவிக்க வழி இருந்தது. பதுளையிலும் அதே வழிதான். இரண்டு வாக்கையும் சுப்பையாவுக்கே போட்டவர்கள் உண்டு. சமசமாஜக் கட்சியின் ஜே.சி.டி. கொத்தலாவலவும் அவரோடு சேர்ந்து தெரிவானார். சிங்களக் கிராமமும் தமிழ்த் தோட்டமும் கலந்து கிடக்கிற ஒரு நிலப்பரப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அதற்குப் பிறகு வரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஒரே தேர்தலோடு தோட்டத் தமிழருக்கு அதன் பலன் முடிந்தது.

ஏழு ஆசனம் மட்டுமென்றால் ஒருவேளை பொறுத்திருப்பார்கள். வேறு பல தொகுதிகளிலும் தோட்ட வாக்கு இடதுசாரிகளின் பக்கம் சாய்ந்திருந்தது, டி.எஸ். சேனநாயக்கவின் அரசாங்கத்துக்கு உறுத்தியது அந்தக் கூட்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் விண்ணப்பம் போடச் சொன்னது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜையல்லாதவரின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து எடுத்தது. சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. 1964 வரைக்கும் பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். பிறப்புச் சான்றிதழ் இல்லை, தகப்பன் எந்தக் கப்பலில் வந்தான் என்பதற்குக் காகிதம் இல்லை, இடையில் ஒரு தடவை ஊருக்குப் போய் வந்தது தொடர்ச்சியான வசிப்புக்குக் குறைவு. இப்படி நிராகரித்தார்கள்.

1952 தேர்தலுக்குப் பிறகு அந்த ஏழு பேரில் ஒருவரும் பாராளுமன்றத்தில் இல்லை. 

பலர் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்தப்போவதில்லை, ஏனென்றால் இதற்குப் பிறகு நடந்தது பறிப்பைவிட நுணுக்கமானது. தொகுதி எல்லை வகுக்கும்போது 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்பது சோல்பரி அரசியலமைப்பின் கணக்கு. அந்த 75,000 பேரை எண்ணும்போது பிரஜை, பிரஜையல்லாதவர் என்று பார்க்கவில்லை. 1959இல் மறுபடி எல்லை வகுத்தபோதும் எல்லாத் தலையையும் எண்ணினார்கள். ஆக, மலைநாட்டுக்கு ஆசனங்கள் கூடின. அந்த ஆசனங்களுக்கு வாக்களித்தவர்கள் சுற்றியிருந்த கிராமத்தார் மட்டும். லயத்தில் படுத்திருந்தவனின் தலை ஆசனம் சேர்த்தது, அவன் கை வாக்குப் போடவில்லை. தலவாக்கலை போன்ற இடங்களில் சில ஆயிரம் வாக்காளரைக் கொண்டே ஒரு பாராளுமன்ற உறுப்பினர் தெரிவானார்.

இதனால் கிராமத்துக்கு நன்மையா என்றால், அதுவும் பெரிதாக இல்லை. தேயிலைக்காகக் காணி பறிபோன கண்டிய விவசாயிக்கு ஆசனம் கூடியது, காணி கூடவில்லை. ஊவாவின் சிங்களக் கிராமங்கள் நாட்டின் வறுமைப் பட்டியலில் எப்போதும் மேல்வரிசையில் நிற்பதைப் பாருங்கள். தோட்டத்தானின் வாக்கைப் பிடுங்கி அயல் கிராமத்தானுக்குக் கொடுத்ததால் இரண்டு பேரும் ஏழையாகவே இருந்தார்கள். இதை நான் சிங்கள நண்பர்கள் மத்தியிலும் சொல்லியிருக்கிறேன். யாரும் மறுக்கவில்லை, யாரும் கைதட்டவுமில்லை.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை இரண்டு நாடும் பங்கு போட்டன. 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மீதி 1 இலட்சத்து 50 ஆயிரத்தை 1974இல் சரிபாதியாக. பதுளை ஸ்டேஷனில் ரயிலேறி தலைமன்னாரில் கப்பலேறியவர்களின் பிள்ளைகள் இன்றைக்குக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலைத் தோட்டம் போட்டது. அங்கேயும் கொழுந்து, அங்கேயும் லயம். ஆனால் வாக்கு இருந்தது.

மக்கள்தொகைக் கணக்கில் இதன் தழும்பு தெரியும். 1946இல் இந்தியத் தமிழர் 7 இலட்சத்து 80 ஆயிரம். நாட்டின் சனத்தொகையில் 11.7 வீதம். 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரம், வீதமோ ஐந்தரை. 2012இல் 4 வீதத்தை ஒட்டி நின்றது. நாட்டின் சனத்தொகை மூன்று மடங்கான காலத்தில் இவர்கள் தொகை நின்ற இடத்திலேயே நின்றது. கப்பல் மட்டும் காரணமல்ல. தன்னை 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொள்கிறவர்களும் உண்டு. ஏன் அப்படிப் பதிகிறார்கள் என்று நான் விளக்கத் தேவையில்லை. பழைய சொல்லோடு பழைய கப்பலும் நினைவுக்கு வருகிறது.

1977இல் நுவரெலியா – மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் தொண்டமான் மூன்றாவதாக வந்தார். 1986இலும் 1988இலும் வந்த சட்டங்களால் எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. 1988இல் ஒரு சத்தியக்கடதாசி போதும் என்றானது. 2003இல் இன்னொரு சட்டம் மீதியையும் தீர்த்தது. நாற்பது வருஷம் மறுத்ததைக் கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.

வாக்குத் திரும்பி வந்தபோது தேர்தல் முறை மாறியிருந்தது. தொகுதி போய் மாவட்டம் வந்தது. பதுளை மாவட்டத்துக்குள் ஒன்பது தேர்தல் தொகுதிகள்: மஹியங்கனை, வியலுவ, பசறை, பதுளை, ஹாலி-எல, ஊவா பரணகம, வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளை. மீரியபெத்த ஹப்புத்தளைக்குள் வருகிறது. 2012 கணக்கின்படி மாவட்டத்தின் சனத்தொகை 8 இலட்சத்து 15 ஆயிரம். அதில் சிங்களவர் 73 வீதம், இந்தியத் தமிழர் பதினெட்டரை வீதம் அளவில். மீதி முஸ்லிம்களும் இலங்கைத் தமிழரும். மஹியங்கனையில் தோட்டமே இல்லை என்று சொல்லலாம். பசறையிலும் ஹப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் ஹாலி-எலயிலும் அடர்த்தி. ஆனால் எண்ணுவது மாவட்டமாக.

வாக்குச் சாவடிக்கு ஒரு தடவை போய் வருவோமா? தேர்தல் நாள். காலையில் பிரட்டுக்குப் போய் அரைப்பேருக்குக் கொழுந்தெடுத்துவிட்டு, கை கழுவி, சேலை மாற்றி, அடையாள அட்டையை ஒரு பொலித்தீன் உறையில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பெண்கள் கூட்டமாக இறங்குவார்கள். தோட்டப் பாடசாலைதான் சாவடி. தலைவர் முந்தைய நாள் இரவே மாதிரி வாக்குச்சீட்டைக் காட்டிவிட்டிருப்பார்: மேலே சின்னத்துக்கு எதிரே ஒரு புள்ளடி, கீழே எண்கள். "நம்பர் மறந்துடாதீங்கக்கா" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். படிக்கத் தெரியாத கிழவியும் எண்ணைப் பாடம் பண்ணிவிடுவாள். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் லீவு கிடைத்தால் வருவான். பஸ் கட்டணத்துக்குக் கட்சிக்காரன் எவனாவது கைகொடுத்தால் நிச்சயம் வருவான். அவன் பெயர் இன்னும் தோட்டத்து இடாப்பில்தான் இருக்கும். கொழும்பில் அவன் தங்குமிடத்தில் பதிய வீட்டுக்காரர் விடமாட்டார்.

அந்த எண்களில்தான் எல்லாம் இருக்கிறது. கட்சிக்கு ஒரு வாக்கு. அதே கட்சியின் பட்டியலில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு. மூன்றையும் ஒருவருக்கே போட முடியாது. 1947இல் சுப்பையாவுக்கு இரண்டு வாக்கையும் கொடுத்தது போல இங்கே கொடுக்க இயலாது. ஒன்றை நம்மவருக்குப் போட்டு மற்ற இரண்டையும் போட்டால், அந்த இரண்டும் அதே பட்டியலில் நம்மவரோடு போட்டியிடுகிற பெரிய புள்ளிகளுக்குப் போய் நம்மவரைக் கீழே தள்ளும். ஆகவே கெட்டிக்காரத் தலைவர்கள் "தமிழருக்கு மட்டும் போடுங்க, மத்தக் கட்டத்த சும்மா விடுங்க" என்பார்கள். இது பலிக்க வேண்டுமானால் ஒரே பட்டியலில் ஒன்று அல்லது இரண்டு தமிழர்தான் நிற்க வேண்டும். நாலு சங்கம் நாலு பேரை நாலு பட்டியலில் நிறுத்தினால் என்னவாகும்?

2010இல் அதுதான் ஆனது. பதுளையின் எட்டு ஆசனத்தில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு ஆறு, ஐக்கிய தேசியக் கட்சிக்கு இரண்டு. மலையகத் தமிழர் ஒருவருமில்லை. மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தமிழ்த் தோட்டத்து ஆள். அவருக்குப் பாராளுமன்றத்தில் சொந்த உறுப்பினர் இல்லாத காலத்தில்தான் மீரியபெத்த சரிந்தது.

இனி 2014. ஊவா மாகாண சபைத் தேர்தலை ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒத்திகையாக எல்லோரும் பார்த்தார்கள். 2009இல் ஆளும் கூட்டமைப்புக்கு மாகாணத்தில் 72 வீதம் கிடைத்திருந்தது. 2014இல் அது 51 ஆக இறங்கியது. பதுளை மாவட்டத்தில் மட்டும் எடுத்தால் கூட்டமைப்புக்கு 209,056, ஐ.தே.க.வுக்கு 197,708. ஐ.தே.க.வின் ஹரின் பெர்னாண்டோ பாராளுமன்ற ஆசனத்தை விட்டு வந்து முதலமைச்சர் பதவிக்கு நின்றார். ஆளும் கூட்டமைப்பின் ஷசீந்திர ராஜபக்ஷவே மறுபடி முதலமைச்சரானார். தோட்டத் தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆளும் பக்கம் நின்றது. ஆனால் சங்கத்துக்குச் சந்தா கட்டும் தொழிலாளர்களில் கணிசமானோர் வேறு சின்னத்துக்குப் புள்ளடி போட்டார்கள் என்பதற்கு மூன்றரை மாதம் கழித்து வந்த அந்த 281 ஒரு சாட்சி. சந்தா வேறு, வாக்கு வேறு என்பதைத் தோட்டத்து ஆள் எப்போதோ தெரிந்துகொண்டுவிட்டார். தெரியாதவர்கள் கொழும்பில் உட்கார்ந்து பேரம் பேசிய தலைவர்கள்தான்.

அந்தத் தேர்தல் பிரசாரத்தில் கொஸ்லாந்தைப் பக்கம் எத்தனை மேடை! எத்தனை ஒலிபெருக்கி! மீரியபெத்த மண்சரிவு அபாயப் பகுதி என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மலை வெடித்திருக்கிறது, ஆட்களை அப்புறப்படுத்துங்கள் என்றது. அந்த எச்சரிக்கை எந்த மேடையிலும் தேர்தல் விஷயமாகவில்லை.

ஏன் ஆகவில்லை? "எழும்பிப் போங்கள்" என்று சொன்னால் "எங்கே?" என்று கேட்பார்கள். லயம் நிற்கிற நிலம் அரசாங்கத்தினுடையது, 1970களில் அரசுடைமையாக்கியது. நிருவாகம் 1992இலிருந்து கம்பனியிடம். வீடு கட்ட வேண்டுமானால் தேயிலையைப் பிடுங்கிக் காணி விட வேண்டும்; அதற்குக் கம்பனி, அமைச்சு, கூட்டுத்தாபனம், பிரதேச செயலகம் என்று நாலு கதவு. வாக்குக் கேட்டு வருகிறவர் இந்த நாலில் ஒன்றுக்கும் சாவி வைத்திருப்பவரல்ல. வைத்திருப்பவரோ வாக்குக் கேட்டு வருவதில்லை. என் பேச்சின் சாரம் இதுதான்: இந்த மக்களின் வாக்கு பாராளுமன்றம் வரைக்கும் போகிறது, தலைக்கு மேலே நிற்கிற மலை வரைக்கும் போவதில்லை.

ஒக்டோபர் 29 காலை. பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அதனால் பலர் பிழைத்தார்கள், பிழைத்த பலர் அநாதையானார்கள். அறுபதுக்கு மேற்பட்ட வீடுகள் மண்ணுக்குள் போயின. அன்றைக்கு நூற்றுக்கணக்கானோர் புதைந்துவிட்டார்கள் என்று செய்தி ஓடியது. மறுநாள் அந்த எண்ணிக்கை இறங்கியது. பிறகு இன்னும் இறங்கியது. கடைசியில் இறந்தோரும் காணாமற்போனோருமாக 37 பேர் என்று முடித்தார்கள். குறைந்தது நல்லதுதான். ஆனால் ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஐந்தரை வாரத்துக்கு முன்னால் சாவடியில் அதிகாரி ஒவ்வொரு பெயரையும் இடாப்பில் கோடு போட்டுத்தான் சீட்டைக் கொடுத்தார். யார் வந்தார், யார் வரவில்லை என்பது அரசாங்கத்துக்குப் பெயர் பெயராகத் தெரியும். அதே அரசாங்கத்துக்கு அந்த லயங்களில் எத்தனை பேர் படுத்தெழும்புகிறார்கள் என்று சொல்ல நாட்கள் பிடித்தன. இடாப்பில் இல்லாத சிறுபிள்ளைகள், கொழும்பிலிருந்து வந்து நின்ற மகன்மார், ஒரே காம்பராவில் இரண்டு மூன்று குடும்பம், இவற்றை எண்ணி வைக்கிற ஒரு அலுவலகம் அந்த மலையில் இல்லை. கிராம சேவகர் இருந்தார். தோட்டங்களில் ஒரு கிராம சேவகர் பிரிவுக்குள் ஆயிரக்கணக்கானோர் அடங்குவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு ஜனவரி 8 வந்தது; 281 வந்தது. அந்த வருஷம் ஓகஸ்டில் பொதுத் தேர்தல். ஜூனில் தமிழ் முற்போக்குக் கூட்டணி உருவாகியிருந்தது. ஐ.தே.க. பட்டியலில் வடிவேல் சுரேஷும் அ. அரவிந்தகுமாரும் பதுளையிலிருந்து போனார்கள். பூஜ்யம் இரண்டானது. மீரியபெத்தக் குடும்பங்களோ மகல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையில் பலகையும் துணியும் மறைப்பாகக் கட்டி இரண்டு வருஷம் இருந்தார்கள். 2016இல் 75 வீடுகள் கையளித்தார்கள். ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும். மலையகத்துக்குத் தனி வீடு என்ற கொள்கை 2015க்குப் பிந்திய ஐந்து வருஷத்தில் உறுதிப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இந்திய உதவி வீடுகளும் அப்போதுதான் வேகமெடுத்தன. வாக்குக்குப் பலன் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 37 பேர் போன பிறகு 75 வீடு வந்தது என்கிறேன்.

2023 மார்ச்சில் பூனாகலை, கபரகலையில் மண் சரிந்தபோது ஆட்களைக் கொண்டுபோய் வைத்தது அதே மகல்தெனியத் தொழிற்சாலையில். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைப் பெயர்த்தெடுத்ததைப் பற்றி இந்தச் சபைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தேர்தலுக்குத் திரும்பினால், 2020இலும் வடிவேல் சுரேஷும் அரவிந்தகுமாரும் சஜித் பிரேமதாசவின் அணியில் வென்றார்கள். அரவிந்தகுமார் அந்த ஒக்டோபரிலேயே அரசியலமைப்பின் 20ஆம் திருத்தத்துக்குக் கை உயர்த்தி மறுபக்கம் போனார். எதிர்ப்புக்காகப் போட்ட வாக்கு ஆளுங்கட்சிக்குப் போய்ச் சேர்ந்தது. தோட்டங்களில் இதைப் பேசாத நாள் இல்லை. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் பதுளை சஜித் பிரேமதாசவை முதலாவதாக வைத்தது. எட்டு வாரத்துக்குள், நவம்பர் 14ஆம் திகதி, அதே பதுளை தேசிய மக்கள் சக்திக்கு 275,180 வாக்கும் ஒன்பதில் ஆறு ஆசனமும் கொடுத்தது. பழைய தலைவர்களில் ஒருவரும் பதுளையில் தேறவில்லை. புதிதாகக் கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் போனார்கள். அம்பிகாவும் நுவரெலியாவின் கிருஷ்ணன் கலைச்செல்வியும்தான் பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதல் மலையகத் தமிழ்ப் பெண்கள். கொழுந்தெடுப்பவர்கள் பெண்கள், சந்தா கட்டுபவர்கள் பெண்கள், சாவடியில் முதலில் நிற்பவர்கள் பெண்கள். 1947 முதல் 77 வருஷம் ஆகியிருக்கிறது.

இந்த மாற்றத்தைச் சிலர் 'அலை' என்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அலை என்றால் செப்டெம்பரிலேயே அடித்திருக்க வேண்டும். இரண்டு மாதம் பொறுத்திருந்து, யார் ஆட்சிக்கு வந்தார் என்று பார்த்து, வேலை ஆக வேண்டிய இடத்தில் ஆள் வைக்கிற கணக்கு இது. இந்த மக்கள் 1988இலிருந்து பழகிய கணக்கு. இதைச் சந்தர்ப்பவாதம் என்று திட்டுவது பட்டணத்தில் சொந்தக் காணியில் வீடுள்ளவர்களுக்குச் சுலபம். 2019இல் அரசாங்கம் எடுத்த கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை 14.3 வீதம், தோட்டப்புறத்தில் 33.8. அந்த நிலையில் இருப்பவர் ஆளுங்கட்சிக்குள் ஆள் தேடுவதில் என்ன பிழை?

பிழை வேறிடத்தில். தொடக்கத்தில் சொன்ன கிராமச் சங்கத்துக்கு இப்போது வருகிறேன். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபை தோட்டத்துக்குள் பணம் செலவழிப்பதற்குத் தடையாக நின்றது. தோட்டத்தார் பிரதேச சபைக்கு வாக்களித்தார்கள், உறுப்பினர்கள் வந்தார்கள். அந்த உறுப்பினர் தன் லயத்துக்குப் போகிற பாதையில் ஒரு கூடை கல் கொட்ட முடியாது. 2018இல்தான் இதைத் திருத்தினார்கள். அதே காலத்தில் நுவரெலியாவில் பிரதேச சபைகள் கூடின. அம்பகமுவவும் நுவரெலியாவும் பிரிந்து மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகள் வந்தன. பதுளைக்கு ஒன்றும் வரவில்லை. நுவரெலியாவில் நாம் திரண்டிருக்கிறோம், பதுளையில் சிதறியிருக்கிறோம், அதுதான் காரணம் என்பார்கள். சிதறியிருப்பவனுக்குத்தான் எல்லையைக் கவனமாக வகுக்க வேண்டும் என்பது 1946இல் பதுளையை இரட்டைத் தொகுதியாக்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மாகாண சபையின் கதை இன்னும் வேடிக்கை. 2017இல் சட்டத்தை மாற்றினார்கள், புதிய எல்லை நிர்ணய அறிக்கை வந்தது, 2018 ஓகஸ்டில் அதைப் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். எதிராக 139, ஆதரவாக ஒன்றுமில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்தார். பழைய முறையும் போய், புதிய முறையும் இல்லாமல் போனது. ஊவா சபையின் காலம் 2019இல் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநரின் ஆட்சி. ஆக, ஊவாவில் நடந்த கடைசி மாகாண சபைத் தேர்தல் 2014 செப்டெம்பர் 20ஆம் திகதித் தேர்தல்தான். மீரியபெத்தவில் மாண்ட பெரியவர்களின் பெயர் இருந்த இடாப்பை வைத்து நடந்த தேர்தல். மாகாணத்தின் பாதையும் வைத்தியசாலையும் தமிழ்ப் பாடசாலையும் அதற்குப் பிறகு ஒரு வாக்குக்கும் பதில் சொல்லவில்லை.

மறுபடி எல்லை நிர்ணயம் பற்றிய பேச்சு வரும்போது, இங்கே இருக்கிற இளைஞர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கட்சி அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் உங்கள் கிராம சேவகர் பிரிவின் வாக்காளர் இடாப்பை எடுத்துப் பாருங்கள். வருஷா வருஷம் புதுப்பிக்கிறார்கள், பார்வைக்கு வைக்கிறார்கள். எந்த லயத்தில் எத்தனை பேர், எந்த டிவிசன் எந்த வட்டாரத்தோடு சேர்கிறது, இடையில் ஆறு ஓடுகிறதா, பதினெட்டு வயது தாண்டியும் யார் பெயர் விடுபட்டிருக்கிறது, இறந்தவர் பெயர் இருக்கிறதா என்று குறித்து வையுங்கள். அபாய வலயம் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடையாளமிட்ட லயங்களை அதே தாளில் சிவப்பால் குறியுங்கள். அந்தத் தாளோடு எல்லை நிர்ணய ஆணைக்குழுவின் முன்னால் போய் நின்றால் உங்களைக் கேட்காமல் அனுப்ப முடியாது. வேட்பாளர் வந்தாலும் அதே தாளை நீட்டுங்கள். சிவப்புக் கோட்டுக்குள் இருக்கிற குடும்பங்களுக்கு எந்தக் காணி, யார் கையெழுத்தில், எந்த மாதத்துக்குள் என்று கேளுங்கள்.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருப்பதாகக் கூட்டத் தலைவர் சைகை காட்டுகிறார். பூனாகலைக்குக் கடைசி பஸ் போய்விடும் என்பதால் அந்தப் பக்கத்தார் முதலில் கேட்கலாம்.